ஏறாத குதிரை

முத்திருளச் சேர்வை மலையடிவாரத்து மடத்துக்குக் குதிரையேறி வரவில்லை. குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

பாளையத்துக் குதிரைப்படைக்குத் தலைவராக இருந்தே நரைத்தவர் அவர். குதிரையின் பெயர் கருக்கல். கடைசிச் சண்டையில் அதன் முதுகில் ஈட்டி பாய்ந்தது. புண் ஆறிவிட்டது, ஆனால் இனி அதன்மேல் சேணம் வைக்கவே கூடாதென்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

மடத்தை நடத்திவந்த சொர்ணத்தம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். சேர்வை விழுந்து கும்பிட்டுவிட்டு வந்த காரியத்தைச் சொன்னார். குதிரை லாயத்தில் நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருக்கிறது. கட்டுத்தறியைக் கடித்துக் கடித்துப் பாதியாக்கிவிட்டது. கொள்ளு வைத்தால் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அது இப்படி வாடிச் சாவதைப் பார்ப்பதைவிடத் தம் கையாலேயே முடித்துவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. அது பாவமா என்று கேட்கத்தான் வந்தார்.

"ஏற முடியாத குதிரையோடு என்ன செய்வது, தாயே?"

"எனக்குக் குதிரை தெரியாது," என்றார் அம்மை. "ஏறுவதற்கு முன்னால் அதோடு என்ன செய்தீர்கள்?"

சேர்வைக்குச் சிரிப்பு வந்தது. தரையில் நின்று கயிறு பிடித்துப் பழக்குவதெல்லாம் குட்டிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

"அதையே செய்யுங்கள்," என்றார் அம்மை.

சேர்வை மடத்திலேயே தங்கிவிட்டார். மறுநாள் காலையில் மடத்துக்குப் பின்னாலிருந்த பொட்டலில் நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். குதிரையை வட்டமாக நடக்கவிட்டார். தரையில் மூங்கில்களைக் கிடத்தித் தாண்ட வைத்தார். மார்பில் விரலை வைத்துப் பின்னால் நகர்த்தினார். கருக்கல் எல்லாவற்றையும் பிசகில்லாமல் செய்தது. தறிக்குத் திரும்பியதும் மறுபடி ஆடத் தொடங்கிவிட்டது.

சேர்வை சோர்ந்துபோய் அம்மையிடம் வந்தார். எல்லாம் செய்தும் பலனில்லை என்றார்.

"நடுநடுவே அது நின்ற நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"அடுத்து அதை என்ன செய்யச் சொல்லலாமென்று யோசித்தேன்."

"நாளைக்கு யோசிக்காதீர்கள்."

அடுத்த நாள் அவர் கயிற்றைத் தளரவிட்டுச் சும்மா நின்றார். சும்மா நிற்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. கால் மாற்றி மாற்றி நின்றார். வெயில் ஏறியது. கருக்கல் வெகுநேரம் அசையவில்லை. பிறகு மூங்கிலை முகர்ந்தது. மூக்கால் தள்ளி உருட்டியது. உருண்டு வந்ததைக் கண்டு மிரண்டு விலகி, திரும்ப வந்து இன்னொரு முறை உருட்டியது. யாரும் சொல்லாமலே அதைத் தாண்டிப் பார்த்தது.

சேர்வை மெல்ல அதன் பக்கத்தில் நடந்தார். இத்தனை வருஷமும் மேலே உட்கார்ந்து அதன் காதுகளையும் பிடரியையும்தான் பார்த்திருந்தார். நடக்கும்போது அதன் கண் எப்படி இருக்குமென்று அன்றைக்குத்தான் பார்த்தார்.

அன்று மாலை அவர் கையிலிருந்த கொள்ளைக் கருக்கல் தின்றது.

மழைக்காலம் வந்து போனது. தினமும் அவர்கள் பொட்டலுக்குப் போனார்கள். சில நாள் மூங்கில், சில நாள் விரித்துப் போட்ட பழைய துணி, சில நாள் வெறும் நடை. தறியைக் கடிப்பது நின்றது. ஆட்டமும் நின்றது. கடைசியில் கயிறே இல்லாமல் அவர் நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது, விரலைத் தூக்கினால் பின்வாங்கியது.

இதை அம்மை பார்க்கவேண்டுமென்று சேர்வைக்கு ஆசை. ஒருநாள் காலையில் மடத்து வாசலுக்கே குதிரையைக் கூட்டிவந்து ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். பாளையத்தில் படைத்தலைவராகிக் கொடி வாங்கிய நாளில்கூட அவர் முகம் அப்படி மலர்ந்திருக்காது.

"இப்போது நான் சொல்வதையெல்லாம் கேட்கிறது, தாயே."

அம்மை குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது சொன்னதில் எதை நீங்கள் கேட்டீர்கள்?"

சேர்வை குதிரையைத் திரும்பிப் பார்த்தார்.

கருக்கல் ஓடைப் பக்கம் தலையைத் திருப்பியது. காற்றை முகர்ந்துவிட்டு மெதுவாக அந்தத் திசையில் நடந்தது. விரலைத் தூக்கப்போனவர் கையைத் தாழ்த்திக்கொண்டு அதன் பின்னால் போனார்.