முதல் ஸ்லிப் காலியாக இருந்தது

அந்த மலை மாவட்டத்தின் கிரிக்கெட் அணியில் அந்த வருஷம் கேப்டன் யாரும் நிலைக்கவில்லை. அடுத்தடுத்து மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் விலகினார்கள்.

முதலாமவன், "என் பேச்சை யாரும் கேக்கறதில்லை" என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டாமவன், "கேக்கறாங்க சார். ஆனா என் பேச்சை இல்லை" என்றான். மூன்றாமவன் ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு நாள் காலை அவனுடைய தொப்பி மட்டும் தேர்வுக் குழுத் தலைவர் சொக்கநாதன் வீட்டு வாசல் கதவில் தொங்கியது.

ஒரே ஓர் ஆட்டம் பாக்கி. அதிலும் தோற்றால் அணியைக் கலைத்துவிட்டு, தேறினவர்களைக் கீழே சமவெளி மாவட்டத்தோடு சேர்த்துவிடலாம் என்று சங்கத்தில் பேச்சு அடிபட்டது.

சொக்கநாதன் தாண்டவனைத் தேடிப் போனார்.

தாண்டவன் ஒரு காலத்தில் இதே அணிக்கு விக்கெட் கீப்பர். நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோதே விட்டுவிட்டு, யாரும் ஆடாத பழைய எஸ்டேட் மைதானத்தின் ஓட்டுக் கட்டடத்தில் தனியாக வந்து உட்கார்ந்துகொண்டார். சிலர் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். சிலர் சாமி என்றார்கள். சொக்கநாதனுக்கு அறுபது தாண்டிவிட்டது, தாண்டவனுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் தாண்டவன்தான் குரு, சொக்கநாதன்தான் சீடர்.

"சாமி, யாரைக் கேப்டனாப் போடறது?"

"இப்ப யாரு கேப்டன்?"

"யாரும் இல்லை. இடம் காலியா இருக்கு."

"காலியா?" தாண்டவன் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "நல்லாப் பாத்தீங்களா?"

சொக்கநாதன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

அவர் பார்த்திருந்தார். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போன மழைக்காலம் வரை அணியின் கேப்டன் லூர்துராஜ். பள்ளிக்கூட மைதானத்தில் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்த அவனைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தவர் சொக்கநாதன். பிள்ளை இல்லாத மனிதர். எல்லாப் பிரியத்தையும் அவன்மேல் வைத்திருந்தார். கீப்பருக்குப் பக்கத்தில், முதல் ஸ்லிப்பில்தான் அவன் நிற்பான். யாரையாவது இடம் மாற்றவேண்டும் என்றால் கத்தமாட்டான். இரண்டு முறை கை தட்டுவான். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். விரலை அசைத்தால் போய் நிற்பார்கள்.

மழையில் மண் சரிந்து அவன் போன ஜீப் பள்ளத்தில் உருண்டது. சவப்பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள். சொக்கநாதன் அடக்கத்துக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு முதல் ஸ்லிப்பில் யாரும் நிற்பதில்லை. நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லவுமில்லை. ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் எல்லாப் பிள்ளைகளும் அந்த இடத்தை ஒரு தடவை பார்ப்பார்கள். பார்த்துவிட்டு நகர்வார்கள்.

"பசங்களை இங்க கூட்டிட்டு வாங்க" என்றார் தாண்டவன். "மத்தியானத்துக்கு மேல வாங்க."

"மத்தியானத்துக்கு மேல மேகம் இறங்கிடுமே சாமி. ஒண்ணும் தெரியாது."

"ஆமா."

மறுநாள் பதினோரு பேரும் வந்தார்கள். தாண்டவன் பந்தும் கொடுக்கவில்லை, மட்டையும் கொடுக்கவில்லை. ஒவ்வொருவனையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், மைதானத்தில் மூலைக்கு ஒருவனாக நிறுத்தினார். பள்ளத்துப் பக்க எல்லைக் கோட்டில் சம்சுதீனை நிறுத்தினார். சம்சுதீன் சுழல் பந்து போடுகிறவன். பாதி ஆட்டங்களில் அவனை வெளியே உட்காரவைத்திருந்தார்கள்.

"நான் சொல்ற வரைக்கும் யாரும் அசையக் கூடாது" என்றார்.

பிறகு சொக்கநாதனை ஆடுகளத்தின் நடுவே நிற்கச் சொல்லி, தானும் பக்கத்தில் நின்றுகொண்டார்.

மூடுபனி பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. முதலில் சம்சுதீன் மறைந்தான். பிறகு ஒவ்வொருவராக மறைந்தார்கள். கடைசியில் சொக்கநாதனுக்குத் தன் செருப்பே தெரியவில்லை. பறவைச் சத்தம்கூட அடங்கிப்போயிற்று.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று தெரியாது.

கைதட்டல் கேட்டது. இரண்டு தட்டு.

அந்தத் தட்டல் சொக்கநாதனுக்குத் தெரியும். சத்தம் தூரத்தில் இல்லை. மிகப் பக்கத்தில் கேட்டது.

ஈரப் புல்லில் காலடிகள் நகர்ந்தன. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பின்னால். ஒருவரும் பேசவில்லை. நின்றன. மறுபடி இரண்டு தட்டு. மறுபடி காலடிகள்.

"சாமி..." என்றார் சொக்கநாதன்.

"உஸ்" என்றார் தாண்டவன்.

பனி வந்ததைப் போலவே விலகியது.

தாண்டவன் நிறுத்திய இடத்தில் பிள்ளைகள் இல்லை. கீப்பர் ஸ்டம்பு நடுகிற இடத்துக்குப் பின்னால் குனிந்திருந்தான். மற்றவர்கள் லூர்துராஜ் நிறுத்துகிற இடங்களில் அச்சு அசலாக நின்றார்கள். முதல் ஸ்லிப் மட்டும் காலியாக இருந்தது. எல்லா முகங்களும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஏன்டா நகந்தீங்க?" என்று பக்கத்தில் நின்றவனைக் கேட்டார் சொக்கநாதன்.

"கேப்டன் தட்டினாரே சார்."

"எந்தக் கேப்டன்?"

அவன் மோவாயால் ஸ்லிப்பைக் காட்டினான். காட்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

பள்ளத்துப் பக்கக் கோட்டில் ஒருவன் மட்டும் நிறுத்திய இடத்திலேயே நின்றான். சம்சுதீன். முகமெல்லாம் நனைந்திருந்தது. பனியா, கண்ணீரா, தெரியவில்லை.

சொக்கநாதன் அவனிடம் நடந்து போனார். "உனக்குக் கேக்கலையா சம்சு?"

"கேட்டுச்சு சார்."

"ஏன் போகலை?"

அவன் பள்ளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அன்னிக்கு நான் பின்னாடி வந்த ஜீப்புல இருந்தேன் சார். பள்ளத்துல இறங்கி அண்ணனைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தது நான். அவர் எவ்வளவு கனம்னு எனக்குத் தெரியும்."

சொக்கநாதன் திரும்பி வந்து தாண்டவன் முன்னால் நின்றார்.

"சாமி, அவன் இங்கதான் இருக்கான். என் காதால கேட்டேன். என் பக்கத்துலயே தட்டினான்."

தாண்டவன் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிக் காட்டினார்.

உள்ளங்கைகள் சிவந்திருந்தன. திகுதிகு என்று எரிந்தன. அதுவரை அந்த எரிச்சல் அவருக்குத் தெரியவேயில்லை.

"நானா?" என்றார் சொக்கநாதன்.

தாண்டவன் கைகளை விட்டார்.

"அந்த மூணு பேரை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?"

சொக்கநாதன் யோசித்தார். முதலாமவன் லூர்துராஜைப் போலவே நடப்பான். இரண்டாமவன் லூர்துராஜின் சித்தப்பா மகன். மூன்றாமவன் சட்டைக் காலரை அவனைப் போலவே தூக்கிவிட்டுக்கொள்வான்.

சொக்கநாதன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார். அடக்கத்தன்று அழாத அழுகை. பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை.

அன்று மாலையே சொக்கநாதன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். முதல் தடவையாகப் போனார். வழி விசாரித்துத்தான் போக வேண்டியிருந்தது.

அங்கிருந்து நேராகச் சம்சுதீன் வீட்டுக்குப் போனார்.

"கேப்டனா என்னையா சார்? என்னை நீங்க பாதி மேட்ச்ல ஆட விட்டதே இல்லை."

"ஆமாப்பா. தப்பு என்னோடது."

"அண்ணன் மாதிரி எனக்கு வராது சார்."

"வர வேண்டாம்" என்றார் சொக்கநாதன்.

கடைசி ஆட்டம் தூறலோடு தொடங்கியது. சொக்கநாதன் கேலரியில் தனியாக உட்கார்ந்திருந்தார். மழைக்குப் பயந்து வேறு யாரும் வரவில்லை. ஒரு கையில் குடை. இன்னொரு கையைச் சட்டைப்பையில் இறுக்கிவைத்திருந்தார்.

சம்சுதீன் முதல் காரியமாக, அணியிலேயே பயந்த பையன் ஒருவனைக் கூப்பிட்டான். "நீ முதல் ஸ்லிப்ல நில்லு."

"அங்கயா பாய்?"

"அங்கதான்."

அந்தப் பையன் நெருப்பில் கால் வைக்கிறவன் போலப் போய் நின்றான். ஒன்றும் ஆகவில்லை. மற்றவர்கள் வழக்கம்போல அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மனுஷன் நின்றான். வேறு வழியில்லாமல் சம்சுதீனைப் பார்த்தார்கள்.

அவனுக்குக் கை தட்டத் தெரியவில்லை. தொண்டை கிழியக் கத்தித்தான் ஆட்களை நகர்த்தினான். இரண்டு தடவை தப்பான இடத்தில் நிறுத்தி அடி வாங்கினான். அணி ஜெயிக்கவில்லை. ஆனால் சாயங்காலம் வரை தாக்குப்பிடித்து, தோற்காமல் முடித்தது. அணியைக் கலைக்கிற பேச்சைச் சங்கம் கைவிட்டது.

மறுநாள் சொக்கநாதன் எஸ்டேட் மைதானத்துக்கு ஏறி வந்தார். இரவெல்லாம் தூங்காத கண்.

"அணி பிழைச்சுது சாமி."

"சந்தோஷம்."

"ஆனா ஒண்ணு." அவர் குரலைத் தணித்தார். "நேத்தும் கைதட்டல் கேட்டுச்சு. எதிர் அணியோட பெரிய விக்கெட் விழுந்தப்ப. எனக்குப் பின்னால."

"உங்க கை?"

"ஒண்ணு குடையில. ஒண்ணு பையில."

தாண்டவன் அவருடைய இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்தார்.

"திரும்பிப் பாத்தீங்களா?"

"இல்லை சாமி. பயமா இருந்துச்சு. கேலரியில என்னைத் தவிர யாருமே இல்லை."

"ரெண்டு தட்டா?"

"இல்லை. நிறுத்தாம தட்டினாங்க. சந்தோஷமா... ஜனங்க தட்டுவாங்களே, அந்த மாதிரி."

"சத்தம் கேலரியில இருந்துதான் வந்துச்சா? மைதானத்துக்குள்ள இருந்து இல்லையே?"

"இல்லை சாமி. கேலரிதான். எனக்குப் பின் வரிசை."

தாண்டவன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"அப்ப சரியான ஆளைத்தான் கேப்டனாப் போட்டிருக்கீங்க" என்றார்.