கரிச்சான் ஏறிய பாதபீடம்

ராஜாக்களுக்குக் காலையில் தோன்றியது மத்தியானத்துக்குள் சட்டமாகிவிடும் முன்னொரு காலத்தில், ஒரு ராஜாவுக்கு ராஜாளிப் பைத்தியம் பிடித்தது. பக்கத்து நாட்டு மன்னர் பரிசாக அனுப்பிய வேட்டைப் பறவை அது. ககனராஜன் என்று அதற்குப் பட்டம் வேறு சூட்டினார் நம் ராஜா. தளவாய் கச்சிராயர் வெள்ளித் தண்டில் அதை ஏந்திக்கொண்டு சபைக்குள் நுழைந்தால், மந்திரி முதல் வாயிற்காவலன் வரை எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். முட்டிவலிக்காரப் புரோகிதர் பாடு இருக்கிறதே, ஐயோ பாவம்!

ஒருநாள் வேட்டைக்குப் போன ககனராஜன் வால் இறகு ஒன்றை இழந்து திரும்பி வந்தது. ராஜா பதறிப்போனார். கச்சிராயர் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி முன்னால் வந்து நின்றார். சபையின் விகடகவி நல்லபெருமாள் மேல் அவருக்கு நெடுநாளாக வயிற்றெரிச்சல். நல்லபெருமாள் வாயைத் திறந்தால் ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். கச்சிராயரும் ஒருமுறை சபையில் ஒரு வேடிக்கை சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அதை அவரால் மறக்கவே முடியவில்லை.

"மகாராஜா, நம் ராஜபட்சியை அடித்தது ஒரு கரிச்சான் குருவி. விகடகவியின் கொல்லை வேப்பமரத்தில்தான் அது கூடு கட்டியிருக்கிறது. ராஜபட்சியைத் தொட்டால் அது ராஜத்துரோகம் அல்லவா? அதற்கு இடம் கொடுத்தவருக்கும் அதில் பங்கில்லையா?"

ராஜா சிம்மாசனத்தில் இப்படியும் அப்படியும் நெளிந்தார். அன்று காலையிலிருந்தே அவர் முகம் சிடுசிடுவென்று இருந்தது. "நல்லபெருமாள்! நாளை உச்சிவேளையில் அந்தக் குருவி என் சிம்மாசனத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். உயிரோடு, ஓர் இறகுகூட உதிராமல். தவறினால் அதற்குரிய மரண தண்டனை உமக்கு!"

எப்போதும் பதிலை நாக்கு நுனியில் வைத்திருக்கும் நல்லபெருமாள் அன்று "சிம்மாசனத்துக்கு முன்னாலா, மகாராஜா?" என்று மட்டும் கேட்டான்.

"வேறெங்கே, உம் வீட்டு அடுப்படியிலா?" என்றார் ராஜா. சபை சிரித்தது. கச்சிராயர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்தவன் நேராகக் கொல்லைக்குப் போனான். வேப்பமரத்து உச்சிக் கவட்டில் கரிச்சான் கூடு. மூன்று குஞ்சுகள், இன்னும் சரியாக இறகுகூட முளைக்கவில்லை. கீழ்க்கிளையில் மணிப்புறாக் கூடு, அதற்கும் கீழே கொண்டைக்குருவிக் கூடு. கரிச்சான் இருக்கிற மரமாகப் பார்த்துத்தான் சாதுப் பறவைகள் குடியேறும். காக்கையோ பருந்தோ அந்தப் பக்கம் தலைகாட்டினால் போதும், கரிச்சான் விரட்டி விரட்டிக் கொத்தும். உருவத்தில் ஒரு பிடிகூட இருக்காது, ஆனால் அதன் ரோஷம் ஊரையே விரட்டும்!

நல்லபெருமாள் ஏணியைச் சாய்த்து நான்கு படி ஏறினான். விர்ரென்று வந்து நடுமண்டையில் ஒரு கொத்து. இறங்கிவிட்டான்.

மனைவி ஆவுடையம்மாள் விஷயத்தைக் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்க உசிருக்கு மேலயா எனக்குக் குருவி? எப்படியாவது புடிச்சுக் குடுத்துடுங்க" என்று அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "தாயைப் புடிச்சுட்டா அந்த மூணும் செத்துடுமே. மத்த கூடெல்லாம் ஒரே நாள்ல காலியாயிடுமே. வேண்டாங்க... ஐயோ, நான் என்னத்தைச் சொல்ல!"

பிடித்தால் குஞ்சுகள் போகும், பிடிக்காவிட்டால் தலை போகும். அன்று வீட்டில் உலை வைக்கவில்லை.

விடிந்தது. கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று ஆவுடையம்மாள் மூட்டைப்பூச்சிக் கட்டிலை இழுத்துவந்து கொல்லை வெயிலில் போட்டுத் தடியால் தட்டினாள். வெயில் ஏற ஏறப் பூச்சிகள் கயிற்றிலிருந்து வெளியே வந்தன. அவள் உள்ளே போனதுதான் தாமதம், கரிச்சான் இறங்கி வந்து கட்டில் காலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்றது.

நல்லபெருமாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று ராஜா நெளிந்த நெளிப்பு அவனுக்கு ஞாபகம் வந்தது. "ஆவுடை! இன்னைக்கு என்ன திதி?"

"அமாவாசை. எதுக்குக் கேக்கறீங்க?"

அவன் மேல்துண்டைக்கூட எடுக்காமல் அரண்மனைக்கு ஓடினான்.

அமாவாசைதோறும் சிம்மாசனத்தை வெயிலில் காயப்போடுவது அந்த அரண்மனை வழக்கம். அந்தப் பொறுப்பு அரண்மனை ஊழியர் சிவந்தியப்பருடையது. மனிதர் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை தடவை காயவைச்சாலும் மூட்டைப்பூச்சி போகமாட்டேங்குது, விகடகவி! மகாராஜா உட்கார முடியாம நெளியறார். காரணம் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவார்."

"முற்றத்துக் கல்லில் போட்டால் எப்படிப் போகும்? என் கொல்லையில் போடுங்கள். வெயிலும் உண்டு, பூச்சி பொறுக்க ஆளும் உண்டு" என்றான் நல்லபெருமாள். எட்டுப் பேர் சிம்மாசனத்தைச் சுமந்துகொண்டு புறப்பட்டார்கள்.

ஆனால் பாருங்கள், சிம்மாசனம் வந்து இறங்கிய களேபரத்தில் கரிச்சான் உச்சிக்குப் போய்விட்டது. இறங்குவேனா என்றது. ராஜா கால் வைக்கும் பாதபீடத்தில் பூச்சி ஊர்கிறது, பறவை கிளையிலிருந்து கத்துகிறது. நல்லபெருமாள் "வாம்மா, என் தாயே, ஒரே ஒரு தடவை" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அது முதுகைத் திருப்பிக்கொண்டது.

உச்சிவேளை நெருங்கும்போது சபைக்கு வந்த ராஜா உட்கார இடமில்லாமல் திகைத்தார். விஷயம் கேட்டுச் சீறிக்கொண்டு நேரே கொல்லைக்கே வந்துவிட்டார், பின்னால் சபை முழுவதும். "என் சிம்மாசனத்தை மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் போட்ட துணிச்சல்காரன் யார்?"

"அமாவாசை வழக்கம், மகாராஜா" என்றான் நல்லபெருமாள்.

"குருவி எங்கே?"

நல்லபெருமாள் மேலே காட்டினான். கச்சிராயர் சூரியனைப் பார்த்தார், நல்லபெருமாளின் கழுத்தைப் பார்த்தார். "மகாராஜா, இவரால் ஆகாது. ககனராஜனே குற்றவாளியைப் பிடித்து வரட்டும்" என்று சொல்லி ராஜாளியை ஏவிவிட்டார்.

ஆவுடையம்மாள் "ஐயோ!" என்று அலறினாள். ராஜாளி ஒரு வட்டம் போட்டு மணிப்புறாக் கூட்டின்மேல் பாய்ந்தது. அது கிளையைத் தொடுவதற்குள் கரிச்சான் அம்பு மாதிரி இறங்கியது. முதுகில் ஒரு கொத்து, பிடரியில் ஒரு கொத்து. கொண்டைக்குருவி ஜோடியும் கீச்சிட்டுக்கொண்டு சேர்ந்துகொண்டது. ககனராஜன் இப்படித் திரும்பினால் அங்கே கரிச்சான், அப்படித் திரும்பினால் அங்கேயும் கரிச்சான். கடைசியில் பொத்தென்று தரையில் விழுந்து, தத்தித் தத்திச் சிம்மாசனத்துக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. அதை எடுக்கக் குனிந்த கச்சிராயரின் தலைப்பாகை பறந்தது.

அதற்குப் பிறகும் கரிச்சானுக்கு ஆத்திரம் தீரவில்லை. நேரே இறங்கிச் சிம்மாசனத்துப் பாதபீடத்தில் உட்கார்ந்து, அடியில் ஒளிந்திருப்பவனை எட்டிப் பார்த்தது. அப்படியே ஊர்ந்து வந்த மூட்டைப்பூச்சி ஒன்றையும் கொத்தி விழுங்கியது.

"மகாராஜா," என்றான் நல்லபெருமாள், கூப்பிய கையை இறக்காமல். "தங்கள் உத்தரவுப்படி உச்சிவேளை. தங்கள் சிம்மாசனத்துக்கு முன்னால், உயிரோடு, ஓர் இறகுகூட உதிராமல். விசாரணையைத் தொடங்கலாம்."

"புகார் சொன்ன ராஜபட்சி எங்கே?" என்றார் ராஜா.

"சிம்மாசனத்துக்கு அடியில், மகாராஜா. வெளியே வந்து சாட்சி சொல்லச் சொல்லுங்கள்."

ராஜா குனிந்து பார்த்தார். இரண்டு மிரண்ட கண்கள் தெரிந்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கரிச்சான் சட்டென்று அவர் பக்கம் தலையைத் திருப்பியது.

"மெதுவாக, மகாராஜா! மெதுவாக!" என்று பதறினான் நல்லபெருமாள். ராஜா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழியக் குலுங்கினார். பிறகு சத்தமில்லாமல் தன் முத்துமாலையைக் கழற்றி நல்லபெருமாள் கழுத்தில் போட்டார். வாளுக்கு ஒதுக்கியிருந்த கழுத்து அது. ஆவுடையம்மாள் அங்கேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

ராஜா காதோடு காதாகத் தீர்ப்புச் சொன்னார். குஞ்சுகள் பறக்கும்வரை ககனராஜன் இந்தத் தெருவுக்கு மேலே பறக்கக் கூடாது. பூச்சி ஒழியும்வரை சிம்மாசனம் இங்கேயே கிடக்கட்டும், சபையும் இங்கேயே கூடட்டும்.

அப்படியே நடந்தது. புரோகிதர் வேப்பமர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். ராஜாளிக்காக எழுந்து நின்று பழகிய சபை, கரிச்சான் தலைக்கு மேலே போகும்போதெல்லாம் குனிந்தது. முதலில் குனிந்தவர் ராஜா.