நாச்சிங்கமும் மூன்று கிண்ணக் கள்ளும்

செண்பகராயன் மருதங்கோட்டையை ஆண்டபோது பனையேறிகளுக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன். வரிசை மாறினால் எது எதற்கு வழி திறந்தது என்பது தெரியாமல் போய்விடும்.

முதலில், கள்ளுக்குத் தரம் பார்க்க வீரகேசவன் என்பவனை அரசன் நியமித்து, ‘நாச்சிங்கம்’ என்று பட்டமும் கொடுத்தான். ஏறியவனுக்குப் பட்டம் இல்லை, குடித்தவனுக்குப் பட்டம். இரண்டாவது, நாச்சிங்கம் கள்ளை உத்தமம், மத்திமம், அதமம் என்று பிரித்தான். மூன்றாவது, அதமம் என்றால் கலப்படம் என்று சட்டம் வந்தது. பானைக் கழுத்தில் பனைக்கு உடையவர் பெயரை ஓலையில் எழுதிக் கட்டுவது வழக்கம். அதமமானால் அந்த ஓலையை நாச்சிங்கமே சாட்சிகள் முன் உரக்க வாசிப்பான். நான்காவது, ஓர் ஊர்ப் பானை ஓலையை மூன்று முறை வாசித்துவிட்டால் அந்த ஊர்ப் பனைகள் பறிபோகும். ஐந்தாவது, பறிபோன பனைகள் நாச்சிங்கத்தின் மைத்துனன் தோப்பில் சேரும். பனைக்குக் கால் கிடையாது. ஆனாலும் மைத்துனன் வீட்டுக்கு வழி தெரிந்திருந்தது.

கருங்காட்டுக்கு இரண்டு முறை ஆகிவிட்டது. அவ்வூர்ப் பனையேறிகளின் தலைவி வடிவி அவைக்கு வந்தாள்.

“மகாராஜா, நாங்க எதையும் கலக்கலை. இருக்கிறது இருநூறு பனை. அதுவும் போனா ஊரில் அடுப்பு எரியாது.”

நாச்சிங்கம் சிரித்தான். “ஒரு சொட்டு போதும் அம்மா, எந்த ஊர் மண் என்று என் நாக்கு சொல்லும்.”

அவையின் மூலையில் நாழிகை வட்டிலைப் பார்த்து மணி அடிப்பவன் கொற்றன். அவன் கேட்டான்: “ஐயா எந்த வழியாகப் போய்ச் சுவைப்பீர்கள்?”

“விடியலில் ஆற்றுமங்கலம். உச்சிக்கு நெல்லிப்பட்டி. விளக்கு வைக்கும்போது கருங்காடு. பல்லக்குத் தூக்குகிறவர்கள் சோம்பேறிகள்.”

“மகாராஜா, நாளை ஐயா அலைய வேண்டாம். அவர் நாக்கைத் தேடிக் கள் வரட்டும். வடிவி இறக்கட்டும். நான் மணி அடிக்கும்போதெல்லாம் ஒரு கிண்ணம்.”

“எனக்கும் ஒன்று” என்றான் அரசன். “நாளையும் அதமம் என்றால், வடிவி, பனைகளை மறந்துவிடு.”

மறுநாள் விடியலில் மணி அடித்தது. திரைக்குப் பின்னாலிருந்து கிண்ணம் வந்தது. நாச்சிங்கம் கண்ணை மூடினான். “ஆகா, தேன். ஆற்றுமங்கலத்து மணல். உத்தமம்.”

அரசனும் குடித்தான். அவையும் குடித்தது.

உச்சிப்பொழுதில் அடுத்த மணி. நுரை மூக்கில் ஏறியது. “நெல்லிப்பட்டிச் செம்மண். மத்திமம்.” அதற்குள் தளபதி ஒரு தூணைக் கட்டிக்கொண்டு பழைய போருக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். மந்திரி தன் செருப்பைக் காதில் வைத்து, “கடல் சத்தம் கேட்கிறது” என்றார்.

பொழுது சாய்ந்தது. மூன்றாவது கிண்ணம். நாச்சிங்கத்தின் முகம் சுருங்கியது.

“புளிப்பு. கருங்காட்டுக் கலப்படம். அதமம்.”

வடிவி கொற்றனைப் பார்த்தாள்.

“சரியாகப் பாருங்கள் ஐயா” என்றான் கொற்றன்.

“என் நாக்கையா சோதிக்கிறாய்? பானையைக் கொண்டு வா. ஓலையை இப்போதே வாசிக்கிறேன்.”

கொற்றன் திரையை விலக்கினான். பின்னால் இருந்தது ஒரே ஒரு பானை.

“மற்ற இரண்டும் எங்கே?” என்றான் அரசன்.

“இல்லை மகாராஜா. மூன்று கிண்ணமும் இதிலிருந்துதான்.”

வடிவி நிமிர்ந்தாள். “விடியலில் இறக்கினா இனிக்கும், உச்சிக்கு நுரைக்கும், சாயங்காலம் புளிக்கும். ஏறினவளுக்குத் தெரியும். பல்லக்கில் வந்தவருக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு எங்க ஊருக்கு முதலில் வரச் சொல்லுங்க, நாங்களும் உத்தமம்தான்.”

நாச்சிங்கம் மெல்லப் பானையருகே போனான். ஓலையை அவிழ்த்துப் பார்த்தவன் கையைப் பின்னால் மறைத்தான். அரசன் தள்ளாடி வந்து அதைப் பிடுங்கிப் படித்தான். படித்துவிட்டுத் தலைப்பாகை கழன்று விழும்வரை சிரித்தான்.

“இது எந்த மரம் கொற்றா?”

“அரண்மனைக் கொல்லையில் நிற்கிறதே மகாராஜா, அந்த ஒற்றைப் பனை.”

“இதுவரை பறித்த பனைகள் எல்லாம் அந்தந்த ஊருக்கே. வடிவி, இனி கள்ளுக்கு நீ தரம் பார். கொற்றா, என் தோள்வளை உனக்கு.” பிறகு ஓலையை நீட்டினான். “நாச்சிங்கமே, சட்டம் சட்டம்தான். வாசி.”

“மகாராஜா…”

“உரக்க. சாட்சிகளுக்குக் கேட்கவில்லை.”

நாச்சிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டான். தளபதிகூடத் தூணை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“கலப்படக் கள் இறக்கிய பனைக்கு உடையவர் பெயர்: மருதங்கோட்டை மன்னர், மாமன்னர், செண்பகராயன்.”