முதலாளி மிதித்த மிதி

பால்வண்ண முதலாளியிடம் எந்த டிரைவரும் நிலைத்ததில்லை; கோபம் வந்தால் காலால் மிதித்துவிடுவார். இப்போது இருப்பவன் இசக்கி.

காரின் முன்சக்கரம் சுற்றவில்லை. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் காலிப்பருக்குள் பிஸ்டன் துருவேறி இறுகியிருந்தது. அதை வெளியே எடுக்க, இசக்கி வீட்டு வாசலிலேயே சக்கரத்தைக் கழற்றினான். காலிப்பரையும் இறக்கினான், பிரேக் எண்ணெய்க் குழாயை மட்டும் கழற்றாமல் விட்டுவைத்தான்.

வந்திருந்த சம்பந்தி பார்க்கட்டும் என்று முதலாளி அதட்டினார்: “ஏலே, சுத்தியல், குறடு எதுவும் பிஸ்டன்ல படக்கூடாது. கீறல் விழுந்தா உனக்கு வேலை கிடையாது.”

“அப்ப நீங்கதான் உதவணும், முதலாளி. உங்களுக்குக் கால்வந்த கலை.”

“என்னலே அது?”

“மிதிக்கிறது. சீட்ல உக்காந்து பிரேக்கை மிதிங்க.”

சம்பந்தி சிரித்துவிட்டார். முதலாளி ஆத்திரத்தில் ஏறி ஓங்கி ஓங்கி மிதித்தார். எண்ணெய் தள்ள, பிஸ்டன் நகர்ந்து, கீழே விரித்திருந்த துணியில் விழுந்தது. கீறல் இல்லை.

இசக்கி அதைத் துடைத்தான். “இதுவரை நீங்க மிதிச்சா டிரைவர்தான் வெளிய போவான். இன்னைக்குப் பிஸ்டன் போயிருக்கு, முதலாளி.”