தம்பிக்கு வாங்கிய பாட்டில்

சொகுசுக் கப்பலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த தங்கையன் ஒரே ஒரு விஸ்கி பாட்டிலோடு ஊருக்குத் திரும்பினான். கப்பல் கடையில் வரியில்லாமல் வாங்கியது. "அண்ணே, வரும்போது நல்ல சரக்கா ஒண்ணு கொண்டா. நம்ம கரையில உக்காந்து ரெண்டு பேரும் குடிப்போம்" என்று தம்பி வீரமணி கேட்டிருந்தான்.

துறைமுகத்தில் சுங்க அதிகாரி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு நாக்கு ஊறியது வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

"துணி துவைக்கிறவனுக்கு இதுக்கெல்லாம் ஏதுய்யா அனுமதி? ஒண்ணு என் மேசையில வை. இல்லேன்னா கடல்ல ஊத்து."

தங்கையன் பாட்டிலை வாங்கிக்கொண்டு நேரே தண்ணீரோரம் போய் மூடியைத் திருகினான்.

"ஏய், ஏய்! இவ்வளவு நல்ல சரக்கை எவனாவது கொட்டுவானாய்யா?" அதிகாரி பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஊத்தச் சொன்னது நீங்கதானே சார்? சட்டம் சும்மாதான் இருக்கு. நீங்க ஏன் இப்படித் துடிக்கிறீங்க?"

வரிசை முழுக்கச் சிரித்தது. "எடுத்துக்கிட்டுப் போய்த் தொலை!" என்றார் அதிகாரி.

சாயங்காலம் தங்கையன் தன் ஊர்க் கடலில் முழங்காலளவு தண்ணீரில் நின்றான். புயலில் படகோடு போன வீரமணியின் உடல்கூடக் கிடைக்கவில்லை. இன்று முதல் திதி. செத்தவருக்குப் பிடித்ததைப் படைப்பது ஊர் வழக்கம். தங்கையன் ஒரு வாய் குடித்துவிட்டு மீதி முழுவதையும் அலையில் ஊற்றினான்.

"நம்ம கரைக்கே கொண்டாந்துட்டேன்டா. மெதுவாக் குடி."