ஜிங்கிலி மானின் ஏழாம் பக்கம்

மூங்கில் குட்டையின் கரையில் செவந்தி என்ற புள்ளிமானும் அவள் குட்டி பொட்டுவும் மேய்ந்துகொண்டிருந்தார்கள். வேன் ஏறி வந்திருந்த சுற்றுலாக்காரர்கள் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தார்கள். வந்தவர்கள் புளியோதரை தின்றார்கள், முறுக்கு தின்றார்கள், பாட்டுப் போட்டு ஆடினார்கள். போகும்போது காகிதத் தட்டுகளைக் காட்டுக்கே தானம் செய்துவிட்டுப் போனார்கள். அத்தோடு ஒரு பிள்ளையின் கதைப் புத்தகமும் புதரடியில் கிடந்தது.

செவந்தி அதை மோந்து பார்த்தாள். உப்பு வாசனை! அந்தப் பிள்ளை முறுக்குத் தின்ற கையோடு புத்தகத்தைப் புரட்டியிருக்கிறது. அதிலும் நடுவில் ஒரு தாள் மட்டும் எண்ணெயும் உப்புமாய் ஊறிப்போயிருந்தது. பிள்ளைக்கு ரொம்பப் பிடித்த பக்கம் அதுதான் போலிருக்கிறது.

மானுக்கு உப்பு என்றால் உயிர். ஆனால் அந்தக் காட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. போன கோடையில் ஓர் ஆண்மான் பிளாஸ்டிக் உறையைத் தின்று, வயிறு ஊதிச் செத்துப்போனது. அன்றிலிருந்து மனிதர்கள் போட்டுவிட்டுப் போனதை யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று கூடிப் பேசி முடிவெடுத்திருந்தார்கள். அதை எல்லார் காதிலும் ஓதிக்கொண்டிருந்தவளே செவந்திதான். "மானங்கெட்ட நாக்கு!" என்று எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறாள்.

இப்போது அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பொட்டு தூரத்தில் தட்டான் பிடித்துக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை. ஒரே ஒரு தடவை நக்கினாள்.

அந்தத் தாளில் ஒரு படம் இருந்தது. ஒரு வெள்ளாடு, இடுப்பு வரைக்கும் புலித்தோலை மாட்டிக்கொண்டு நின்றது. புலித்தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தது. எதிரே ஒரு குட்டிமான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. செவந்திக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஊர்த் திருவிழாவில் புலிவேஷம் கட்டி ஆடுவதைக் கரும்புத் தோட்டத்து ஓரமாக நின்று பார்த்திருக்கிறாள்.

'ஓகோ! ஆடு புலிவேஷம் கட்டியிருக்கு!' என்று நினைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை நக்கினாள். பிறகு தாளே வாய்க்குள் போய்விட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல மேயப் போய்விட்டாள்.

பொழுது சாய்ந்ததும் எல்லாரும் தண்ணீர் குடிக்க வந்தார்கள். புத்தகத்தை முதலில் பார்த்தது மைனா. பள்ளிக்கூட ஜன்னலில் கூடு கட்டி, எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட மைனா அது.

"அட, இவனா! ஜிங்கிலி மான்!" என்று கத்தியது. "டிவியில வர்றவன்! பிள்ளைங்க பையில, தண்ணி பாட்டில்ல, பென்சில் டப்பாவுல, எங்க பார்த்தாலும் இவன் மூஞ்சிதான்!"

"மானா? நம்மள மாதிரி மானா?" என்று பொட்டு முன்னால் ஓடி வந்தான்.

"உன்னை மாதிரியேதான்டா! சிவப்பு ஷூ மட்டும் போட்டிருக்கான்."

பொட்டு தன் குளம்பைக் குனிந்து பார்த்துக்கொண்டான். மைனா படித்தது. ஜிங்கிலி காட்டுக்குள் போனான். ஒற்றையடிப் பாதையில் ஒரு புலி வந்தது. "புலி வாயைத் திறந்தது. ஜிங்கிலி ஓடவில்லை! 'நண்பா, வா விளையாடலாம்!' என்றான்." மைனா அலகால் தாளைப் புரட்டியது. "அன்று முதல் புலியும் ஜிங்கிலியும் உயிர் நண்பர்கள். ஒரே ஊஞ்சலில் ஆடினார்கள்."

படத்தில் புலி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தது.

காட்டுப்பன்றி தலையை ஆட்டியது. "என்னமோ இடிக்குதே! வாயைத் திறந்த புலி எப்படி ஊஞ்சலுக்குப் போச்சு?"

மைனா எண்களைப் பார்த்தது. "ஆறாம் பக்கத்துக்கு அப்புறம் ஒன்பது வருது. நடுவுல ஒரு தாளைக் காணோம்!"

"யாராவது தின்னு தொலைச்சீங்களா?" என்று பன்றி உறுமியது.

கருமூஞ்சிக் குரங்கு மரத்திலிருந்து சிரித்தது. "செவந்தியக்கா இருக்கிற காட்டுல யாருக்குண்ணே அந்தத் துணிச்சல் வரும்?"

எல்லாரும் சிரித்தார்கள். செவந்தியும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

படுக்கப் போகும்போது பொட்டு அம்மாவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். "அம்மா, நடுவுல என்ன நடந்திருக்கும்?"

"எனக்கென்னடா தெரியும்?"

"ஜிங்கிலி கூப்பிட்டவுடனே புலி சிநேகமாயிடுச்சு, அதானே?"

செவந்தி வாயைத் திறந்தாள். சொல்லிவிட்டால் விடிந்ததும் இவன் ஊரெல்லாம் சொல்வான். பன்றி என்ன சொல்லும்? குரங்கு எப்படிச் சிரிக்கும்? குட்டி தன்னை எப்படிப் பார்ப்பான்? திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"கதையில என்ன வேணா நடக்கும். பேசாம தூங்கு!"

பொட்டு அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "நீ தண்ணி குடிக்கும்போதுகூட நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கிறேம்மா. புலி நமக்குச் சிநேகமாயிட்டா நீ வயிறாரக் குடிக்கலாம்."

செவந்தி அவன் நெற்றியை நக்கிக் கொடுத்தாள். பாசம் பொங்கியது. உண்மை மட்டும் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினாள்.

விடிந்தபோது பொட்டு பக்கத்தில் இல்லை.

ஓடைப் பக்கமிருந்து கருமூஞ்சிக் குரங்கு அலறியது. புலியைக் கண்டால் மட்டும் வரும் அலறல் அது! செவந்தி ஓடினாள். முள் கிழித்தது, கல் தட்டியது, அவள் நிற்கவில்லை.

ஓடை மணலில் பொட்டு நின்றுகொண்டிருந்தான். எதிரே, நாணல் மறைவில், மஞ்சளும் கறுப்புமாய்ப் புலி பதுங்கியிருந்தது. மரத்தின் மேலே குரங்கு தொண்டை கிழியக் கத்தியது. "ஓடுடா! ஓடுடா!"

பொட்டு ஓடவில்லை. ஜிங்கிலி ஓடவில்லையே! வாலை நிமிர்த்திக்கொண்டு, "நண்பா, வா விளையாடலாம்!" என்றான்.

"பொட்டு!" என்று செவந்தி கதறினாள். "கதையில வந்த புலி வேஷம்டா! உள்ளே இருந்தது ஆடுடா! அந்தத் தாளைத் தின்னது நான்தான்டா! ஓடி வா!"

பொட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். புலியைவிட அந்தச் சொல்தான் அவனுக்குத் திகைப்பாக இருந்தது.

"அப்போ நேத்து கேட்டப்போ..." என்று தொடங்கினான்.

அவன் கேட்டு முடிக்கும் வரை புலி காத்திருக்கவில்லை. ஒரே பாய்ச்சல்! நாணல் அசைந்தது. பிறகு ஓடையில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அன்று சாயங்காலம் செவந்தி குட்டைக்கு வந்தாள். எல்லாரும் கூடியிருந்தார்கள். அவள் நடுவில் வந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். உப்பைச் சொன்னாள். படத்தைச் சொன்னாள். பொட்டு தன்னிடம் கேட்டதையும், தான் சொன்ன பதிலையும் சொன்னாள். சொல்லிவிட்டு, ஏச்சு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

யாரும் ஏசவில்லை. குரங்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. காட்டுப்பன்றி மட்டும் கிட்டே வந்து, "கொஞ்சம் உட்காரு தாயி" என்றது.

எந்த ஏச்சுக்குப் பயந்து வாயை மூடினாளோ, அந்த ஏச்சு கடைசி வரை வரவே இல்லை. நேற்றே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குரங்கு நாலு நாள் கேலி செய்திருக்கும். பன்றி ரெண்டு வார்த்தை திட்டியிருக்கும். பொட்டு, "ஐயே, அம்மா திருட்டுத்தனமா தின்னுட்டா!" என்று கைகொட்டிச் சிரித்திருப்பான். அந்தச் சிரிப்பைக் கேட்க இப்போது அவள் எதையும் கொடுப்பாள்.

வெட்கப்பட்டு நாம் மறைக்கிற சின்னத் தவறு, நம்மை நம்பியிருப்பவர்களின் தலையில்தான் பெரிதாக விடியும்.