பீரங்கிக்கு ஏழாவது ஆள்

மடத்து வாசலில் கடிதத்தை நாலாக மடித்தும் விரித்தும் நின்றுகொண்டிருந்தார் மாயழகு.

பட்டாளத்துக் கடிதம். அவர் பதினெட்டு வருஷம் வேலை பார்த்த பீரங்கிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்களாம். முகாம் வாசலில் மேடை கட்டி நிறுத்தப்போகிறார்களாம். அதிலிருந்த ஆறு பேரில் மிச்சம் அவர் ஒருவர்தான். விழாவில் ஐந்து சிப்பாய்கள் மற்ற இடங்களில் நிற்பார்கள். அவர் தன் பழைய இடத்தில் நின்று நம்பர் சொல்ல வேண்டும். மூன்று மணி பஸ்ஸை விட்டால் ரயில் போய்விடும்.

“போகவா, வேண்டாமா, தாயே?”

தையல்நாயகி அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மாயழகைவிட இருபது வயது இளையவர். ஆனால் அவர்தான் குரு.

“போறதுக்கு என்ன பயம்?”

“போறதுக்கு இல்ல. எண்ணுறதுக்குத்தான்.”

மெல்லச் சொன்னார். அது லாரி இழுத்துப்போகும் பீரங்கி அல்ல. டாங்கி மாதிரி சங்கிலிச் சக்கரத்தில் தானே ஊர்ந்து போகும். கமாண்டர் ஒன்று, டிரைவர் இரண்டு, குறி வைப்பவர் மூன்று, விசை இழுப்பவர் நான்கு, குண்டைத் தூக்கி ஏற்றும் மாயழகு ஐந்து, வெடிமருந்துப் பை தள்ளுபவர் ஆறு. அந்த இரும்பு வயிற்றுக்குள் புகை சூழ்ந்தால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால் சுடுவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் நம்பரைக் கத்த வேண்டும். ஆறு வரை கேட்டுவிட்டால் சுடலாம்.

“சண்டை தொடங்கி மூணாம் நாள், ஆறுக்கு அப்புறம் இன்னொரு குரல் கேட்டுச்சு தாயே. என்ன பாஷைன்னு தெரியல. ஆனா ஏழுன்னுதான் சொல்லுதுன்னு தெரிஞ்சுச்சு. அன்னையிலேருந்து எதை எண்ணினாலும் ஆறுக்கு அப்புறம் அது வருது. இட்லிய எண்ணினாக்கூட.”

“மத்தவங்களுக்கும் கேட்டுச்சா?”

“யாரும் யாரையும் கேட்டுக்கல.”

தூணோரம் உட்கார்ந்திருந்த பொற்கொடி புத்தகத்தை மூடினாள். சட்டக் கல்லூரி விடுமுறைக்கு மடத்துக்கு வந்தவள். சாமியே எதிரில் வந்தாலும் ஆதாரம் கேட்கிறவள்.

“குண்டு எங்க விழுந்துச்சு பெரியப்பா?”

“இருபது கிலோமீட்டர் தள்ளி. நான் என்னத்தைக் கண்டேன்? தூக்கி வெச்சேன், அவ்வளவுதான். குறி வெச்சது மூணாம் நம்பர். அவனும் கமாண்டர் சொன்ன எண்ணைத்தான் திருகினான். நாலாம் நம்பரும் அவர் சொன்னதும்தான் விசையை இழுத்தான். கமாண்டர் ரேடியோவுல வந்ததைச் சொன்னாரு.”

“அப்போ யாருமே சுடல. தானா நகரும்னுதான் சொன்னீங்க, தானா சுடும்னு சொல்லவே இல்லியே!”

மாயழகுக்குச் சுர்ரென்று ஏறியது. “வாய்க்கு வந்ததைப் பேசாத பாப்பா. அதுக்குப் புஸ்தகமே இருக்கு. முப்பத்தொரு வருஷச் சரித்திரம். என்னைக்கு எத்தனை குண்டு, எத்தனை தடவை குழாய் மாத்தினோம், இன்ஜினை எப்ப இறக்கினோம், உள்ள யார் யார் இருந்தோம், எல்லாம் எழுதியிருக்கு.”

“விழுந்த இடத்துல யார் யார் இருந்தாங்கன்னு?”

“அதுக்குக் கட்டம் கிடையாது.”

சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மை கீரைத் தட்டை நகர்த்தினார். “எங்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்க.”

மடத்தில் மாயழகைத் தவிர ஆறு பேர். சமையற்கட்டுக் குழவிக்கல்தான் குண்டு. பின்பக்கத்துச் சுவருக்கு இந்தப் பக்கம் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார் மாயழகு. அம்மை ஒன்று. தன் ஐந்தாம் இடத்தில் பொற்கொடி. நிறுத்த நிறுத்த முதுகு நிமிர்ந்தது, குரல் ஏறியது. “தொந்திய உள்ள இழுங்க சாமி, பீரங்கிக்குள்ள இடமில்ல!” என்று சமையல்காரரை அதட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

“ஆறு பேர் ஆச்சு,” என்றார் அம்மை. “நீங்க சுவருக்கு அந்தப் பக்கம் போய் உக்காருங்க.”

அந்தப் பக்கம் வெறும் வெயில். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். உள்ளே இருப்பது எதுவும் தெரியவில்லை. குழவிக்கல்லின் எடை மட்டும் அவர் கைகளுக்குத் தெரிந்திருந்தது.

“ஒன்னு.”

“ரெண்டு.”

மூன்று. நான்கு. அவருடைய ஐந்தைப் பொற்கொடி சொன்னாள்.

“ஆறு.”

இப்போது அந்தக் குரல் வர வேண்டும். வரவில்லை. காத்திருந்தார். சுவருக்கு மேலே ஆகாயம் காலியாக இருந்தது. அதில் எந்த இடத்திலிருந்து கல் வந்து விழும் என்று கண் தேடியது. நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. வாய் திறந்தது.

வந்தது தமிழ் இல்லை. அவர் கற்ற பாஷை எதுவுமே இல்லை. ஆனால் அது ஏழு.

கல் வரவில்லை.

சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். குழவி வைத்த இடத்திலேயே கிடந்தது. யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. பொற்கொடியின் முகம் வெளுத்திருந்தது.

“அந்தப் பக்கம் உங்ககூட யாரு பெரியப்பா இருந்தது?”

“யாரும் இல்லியே. நான்தான்.”

“இல்ல. அது ஒரு பொண்ணோட குரல்.”

அத்தனை வருஷமும் மாயழகு கேட்டுவந்தது அதே குரல்தான்.

மணி இரண்டரை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மை முன் நின்றார்.

“போகவா தாயே?”

“போங்க.”

“அஞ்சாம் நம்பர் எடத்துல நிக்கணும்னு எழுதியிருக்காங்க.”

“பதினெட்டு வருஷம் அங்கதானே நின்னீங்க. இந்தத் தடவை குழாய்க்கு எதிர்ல நின்னு நம்பர் சொல்லுங்க.”

“எந்த நம்பர்?”

அம்மை கீரைத் தட்டை மறுபடி மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

“அங்க நின்னா, தானா வரும்.”